வாக்கு யாரிடம் இருக்கிறது? – இந்தியக் கால்பந்தும் கட்சி அரசியலும்

நேயர்களுக்கு வணக்கம்.

விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது என்று அடிக்கடி கேட்கிறோம். இந்தியக் கால்பந்தைப் பொறுத்தவரை இந்த அறிவுரை ரொம்பவே தாமதம். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவர் நாற்காலியில் 2008 வரை இருபது ஆண்டுகள் இருந்தவர் காங்கிரஸின் பிரிய ரஞ்சன் தாஸ்முன்ஷி. அடுத்து, 2022 மே மாதம் வரை தேசியவாத காங்கிரஸின் பிரஃபுல் படேல். இருவருமே மத்திய அமைச்சர்களாக இருந்தவர்கள். 2022 செப்டம்பரில் வந்த கல்யாண் சௌபே, மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகளுக்குக் கோல் காத்தவர். கூடவே 2019 மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க. வேட்பாளர். கொடியின் நிறம் மாறியிருக்கிறது, நாற்காலி அரசியல்வாதிகளிடமே இருந்திருக்கிறது.

ஒரு கால்பந்து ரசிகனாக என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். அரசியல்வாதி கால்பந்துக்குள் வருவதை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். அவரை உள்ளே கொண்டுவரும் வாக்காளர் பட்டியலில்தான் கோளாறு. பந்தை உதைத்தவருக்கும், பயிற்சி கொடுத்தவருக்கும், விசில் ஊதியவருக்கும் அதில் இடம் இல்லாமல் இருந்தது.

அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். கிளப்புகள் சேர்ந்து மாவட்டச் சங்கம். மாவட்டச் சங்கங்கள் சேர்ந்து மாநிலச் சங்கம். மாநிலச் சங்கங்கள் சேர்ந்து தேசிய சம்மேளனம். அரசியல்வாதி டெல்லியில் நுழைவதில்லை, மாவட்டத்திலேயே நுழைந்துவிடுகிறார். காரணம் மைதானம். நல்ல மைதானங்களில் பெரும்பாலானவை அரசிடமோ மாநகராட்சியிடமோ பள்ளி கல்லூரிகளிடமோ இருக்கின்றன. ஒரு மாவட்ட லீக் நடத்த மைதான அனுமதி வேண்டும், போலீஸ் பந்தோபஸ்து வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும், பரிசுத் தொகைக்கு ஒரு புரவலர் வேண்டும். சங்கச் செயலாளர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி மூன்று வாரத்தில் வாங்கும் கையெழுத்துகளை, சட்டமன்ற உறுப்பினரின் ஒரு போன் ஒரே நாளில் வாங்கித் தந்துவிடும். முதலில் அவரைப் பரிசளிப்பு விழாவுக்கு அழைக்கிறார்கள். அப்புறம் கௌரவத் தலைவர் ஆக்குகிறார்கள். அடுத்த தேர்தலில் அவரே தலைவர், அவருடைய ஆள் செயலாளர்.

கோளாறு இங்கே தொடங்குகிறது. சங்கத்தில் வாக்குரிமை உள்ள கிளப்புகளில் லெட்டர்பேடில் மட்டும் உயிர் வாழ்பவையும் உண்டு. வருடம் முழுக்க ஒரு ஆட்டம் ஆடாது, தேர்தலன்று மட்டும் பிரதிநிதி வந்து நிற்பார். ஒழுங்காக மூன்று வயதுப் பிரிவில் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் கிளப்புக்கும் ஒரு வாக்கு, இவருக்கும் ஒரு வாக்கு. மேலே போனாலும் இதே கணக்குதான். பெரிய லீக்குகளும் நூறாண்டு கடந்த கிளப்புகளும் உள்ள மேற்கு வங்கத்துக்கு ஒரு வாக்கு, கோவாவுக்கு ஒரு வாக்கு, பெயருக்குப் போட்டி நடத்தும் சங்கத்துக்கும் ஒரு வாக்கு. வேலை செய்யாத சங்கத்தின் வாக்கை வளைப்பது சுலபம். அதற்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கு வெட்டவெளிச்சமானது 2022-இல். பிரஃபுல் படேலின் மூன்றாவது பதவிக்காலம் 2020 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. சம்மேளனத்தின் சட்டவிதிகள் பற்றிய வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று சொல்லித் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரது நிர்வாகத்தை விலக்கி, மூவர் கொண்ட நிர்வாகிகள் குழுவை அமர்த்தியது: ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.ஆர். தவே, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.ஒய். குரைஷி, இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பாஸ்கர் கங்குலி. ஆகஸ்ட் 3 அன்று நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. 36 மாநிலச் சங்கங்களுக்கு 36 வாக்கு. நாட்டுக்காக ஆடிய 36 பேருக்கு, அதாவது ஆண்கள் 24, பெண்கள் 12 பேருக்கு, இன்னொரு 36 வாக்கு. பாதிக்குப் பாதி.

பிரஃபுல் படேல் அப்போது உலகக் கால்பந்தை ஆளும் ஃபிஃபாவின் கவுன்சிலிலும் உறுப்பினர். ஆகஸ்ட் 16 அன்று, மூன்றாம் தரப்பின் தலையீடு என்று காரணம் காட்டி ஃபிஃபா இந்தியாவைத் தடை செய்தது. தடை என்றால் என்ன? தேசிய அணிகள் எந்த வயதிலும் சர்வதேச ஆட்டம் ஆட முடியாது. கிளப்புகள் ஆசியப் போட்டிகளில் இறங்க முடியாது. வளர்ச்சி நிதியும் பயிற்சி வகுப்புகளும் நின்றுபோகும். அந்த நேரத்தில் கேரளத்தின் கோகுலம் மகளிர் அணி ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் போய்ச் சேர்ந்திருந்தது. இந்தியாவின் லீக்கை வென்று அந்த இடத்தைப் பிடித்த பெண்கள், கிட் பையைப் பிரித்துக் களத்தில் இறங்காமலே திரும்பி வந்தார்கள். வாக்குச் சண்டையில் அவர்களுக்கு எந்தப் பங்கும் கிடையாது, தண்டனை மட்டும் முழுதாக வந்து சேர்ந்தது.

அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை இந்தியாவில் நடக்கவேண்டியிருந்தது. அது கைவிட்டுப் போகக் கூடாது என்று மத்திய அரசு நீதிமன்றத்தை அணுக, ஆகஸ்ட் 22 அன்று நிர்வாகிகள் குழு கலைக்கப்பட்டது, வீரர்களின் வாக்கும் போனது. 26-ஆம் தேதி தடை நீங்கியது. செப்டம்பர் 2 அன்று தேர்தல். 34 வாக்குகள். சௌபேக்கு 33. பைச்சுங் பூட்டியாவுக்கு 1.

பூட்டியா இந்திய அணியின் கேப்டனாகப் பல ஆண்டுகள் இருந்தவர், ஒரு தலைமுறையைக் கால்பந்து பார்க்கவைத்தவர். அவர்தான் ஜெயித்திருக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நல்ல ஆட்டக்காரர் நல்ல நிர்வாகியாக இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் வீரர்களின் 36 வாக்கு பெட்டியில் இருந்திருந்தால், எந்த வேட்பாளரும் அவர்களைத் தேடிப்போய், சம்பள பாக்கிக்கு என்ன செய்வேன், மகளிர் லீக்கை எத்தனை மாதம் நடத்துவேன் என்று பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். அதே தேர்தலில் துணைத் தலைவராக வந்த என்.ஏ. ஹாரிஸ் கர்நாடகக் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர். தலைவர் பா.ஜ.க., துணைத் தலைவர் காங்கிரஸ். நாடாளுமன்றத்தில் மேசையைத் தட்டிச் சண்டை போடும் கட்சிகள் விளையாட்டுச் சங்கத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்துவிடுகின்றன.

ஃபிஃபாவின் விதியில் இருக்கும் ஓட்டையும் இதுதான். அரசோ நீதிமன்றமோ சங்கத்துக்குள் கை வைத்தால் தடை. ஆளுங்கட்சிக்காரரே முறையாக வாக்கு வாங்கிச் சங்கத்தின் தலைவரானால் அது சுதந்திரமான சங்கம். இலங்கையும் 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை இதே தடையை அனுபவித்தது. அங்கே 1973-ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்குச் சங்கங்கள் மீது நேரடி அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதனால் மோதல் கண்ணுக்குத் தெரிந்தது. இந்தியாவில் அந்த அதிகாரம் வேறு வழிகளில் ஓடுகிறது: அங்கீகாரம், பயிற்சி முகாம்களுக்கான ஆண்டு நிதி, வெளிநாட்டுப் பயண அனுமதி. 2023 ஜூலையில் ஆசியாவில் முதல் எட்டு இடங்களுக்குள் இல்லாத அணிகளை ஆசிய விளையாட்டுக்கு அனுப்புவதில்லை என்ற அமைச்சக விதியால் கால்பந்து அணியின் பயணம் தொங்கலில் நின்றது. பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் பிரதமருக்கே பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். விதி தளர்த்தப்பட்டது. ஆனால் நாட்டின் முதன்மை லீக்கான இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கும் வாரம் அது என்பதால் கிளப்புகள் வீரர்களை விடத் தயங்கின. ஒட்டுப்போட்ட அணி ஆட்டத்துக்கு முந்தைய நாள் போட்டி நடந்த ஹாங்ஜோ போய் இறங்கி, சீனாவிடம் 5–1 என்று தோற்றது. ஒரு பயணத்துக்கு அனுமதி தருவதா இல்லையா என்ற முடிவு கடைசிவரை இழுத்தால், தோல்வி விமான நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு 2025-இல். சம்மேளனம் 2010 டிசம்பரில் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, தனியார் கூட்டாளியிடம் கொடுத்திருந்தது. அது 2025 டிசம்பர் 8-ஆம் தேதி முடியும் என்பது பதினைந்து ஆண்டுகளாகத் தெரிந்த தேதி. 2017-இல் வந்த டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் உச்ச நீதிமன்றத்துக்குப் போன சட்டவிதி வழக்கு முடியும்வரை புதிய ஒப்பந்தம் போடக் கூடாது என்றானது. ஒப்பந்தம் இல்லாததால் ஜூலையில் ஐ.எஸ்.எல். காலவரையின்றி நிறுத்திவைக்கப்பட்டது. சென்னையின் எஃப்.சி. உட்படச் சில கிளப்புகள் செயல்பாட்டை நிறுத்தின அல்லது சம்பளத்தை நிறுத்தின. செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் சட்டவிதிகளுக்கு ஒப்புதல் தந்த பிறகு டெண்டர் விட்டார்கள். நவம்பரில் பெட்டியைத் திறந்தால் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. இந்த இடைவெளியில் தேசிய அணி அக்டோபரில் மட்கானில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது, நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோற்றது. லீக் ஆட்டமே இல்லாத வீரர்களிடம் 90 நிமிட வேகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதே டிசம்பர் 13 அன்று மெஸ்ஸி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்துக்கு வந்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கிய ரசிகர்கள் கேலரியில். மைதானத்துக்குள் மெஸ்ஸியைச் சுற்றி அரசியல்வாதிகள், அதிகாரிகள், அவர்களோடு வந்தவர்கள், செல்ஃபிக்கு நீளும் கைகள். கேலரியிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தின் முதுகுகள்தான் தெரிந்தன. சுமார் இருபது நிமிடத்தில் மெஸ்ஸி கிளம்பிவிட்டார். பாட்டில்களும் பிய்த்தெடுத்த நாற்காலிகளும் பறந்தன. மாநில விளையாட்டு அமைச்சர் துறையிலிருந்து விலக நேர்ந்தது. நாற்காலியை உடைத்தது தவறு. அந்தக் கோபம் நியாயம். ரசிகருக்கும் பந்துக்கும் நடுவில் நிற்பவர் யார் என்பது அன்று தொலைக்காட்சியிலேயே தெரிந்தது. நாட்டின் முதன்மை லீக் நடக்காத மாதத்தில் இந்தக் காட்சி.

லீக் கடைசியில் 2026 பிப்ரவரி 14 அன்று, சுருக்கப்பட்ட ஒற்றைச் சுற்றாகத் தொடங்கியது. தேதியை அறிவித்தவர் மத்திய விளையாட்டு அமைச்சர்.

புதிய சட்டவிதிகளில் நல்ல அம்சங்கள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற வீரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள், கிளப்புகள் எல்லோரின் பிரதிநிதிகளுக்கும் பொதுக்குழுவில் வாக்கு வந்திருக்கிறது. செயற்குழு 14 பேர், அதில் ஐந்து பேர் முன்னாள் வீரர்கள். அதிகம் இழுபறியானது இரட்டைப் பதவி விதி: சம்மேளனச் செயற்குழுவுக்கு வருபவர் மாநிலச் சங்கப் பதவியை விட வேண்டும். இழுபறி ஏன் என்பது புரிகிறது. மாநிலச் சங்கத்தை விட்டால் வாக்குக் கட்டு கையைவிட்டுப் போகும். என் பார்வையில் மற்ற எல்லா விதியையும்விட இதற்குத்தான் மதிப்பு அதிகம். இன்னொரு பக்கம், 2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் சங்கங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கவும் நிறுத்தவும் ஒரு தேசிய வாரியத்தை அமைக்கிறது. அதன் உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு. தீர்ப்பாயம், தேர்தல் கண்காணிப்புக் குழு இரண்டையும் வரவேற்கிறேன். வாரிய நியமனம் முழுக்க அரசிடம் இருப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

ரசிகர்கள் என்ன செய்யலாம்? உங்கள் மாவட்டச் சங்கத்திலிருந்து தொடங்குங்கள். பதிவுபெற்ற சங்கம் என்றால் ஆண்டுப் பொதுக்குழு கூட்ட வேண்டும், தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வாக்குள்ள கிளப்புகளின் பட்டியலைக் கேளுங்கள். கடந்த சீசனின் ஆட்ட அட்டவணையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பட்டியலில் இருந்து அட்டவணையில் இல்லாத பெயர்களை எண்ணுங்கள். எந்த வயதுப் பிரிவில் எத்தனை ஆட்டம், பெண்களுக்கு லீக் உண்டா, நடுவர்களுக்குப் படி கொடுத்தார்களா என்று கேளுங்கள். அரசுப் பணம் வாங்கும் தேசிய சம்மேளனத்திடம், அந்தப் பணத்தின் செலவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 2022 செப்டம்பரில் தேர்வான குழுவின் நான்கு ஆண்டு 2026 செப்டம்பரில் நிறைவடைகிறது. அடுத்த வேட்பாளர் பட்டியல் வெளியாகும்போது கட்சிப் பெயரைப் பார்ப்பதற்கு முன், முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் யார், அவர்களில் ஆட்டக்காரர், பயிற்சியாளர், நடுவர் யாராவது உண்டா என்று பாருங்கள்.

நன்றி. வணக்கம்.