டெரின்குயு மக்கள் வெயிலே படாமல் வாழ்ந்தார்களா?

அடுத்த கேள்வி. துருக்கியில் இருக்கும் டெரின்குயு பாதாள நகரம் பற்றிப் போன வீடியோவில் பேசினோம் இல்லையா, அதற்கு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "20,000 பேர் தலைமுறை தலைமுறையாக வெயிலே படாமல் மண்ணுக்குள் எப்படி வாழ்ந்தார்கள்? சமைத்தால் புகை எங்கே போகும்?"

முதல் பாதியைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். அங்கே யாரும் நிரந்தரமாகக் குடியிருக்கவில்லை. வீடு, வயல், திராட்சைத் தோட்டம் எல்லாம் மேலேதான். கீழே இருந்தவை தானியக் கிடங்கு, தொழுவம், திராட்சை மிதித்து ஒயின் எடுக்கும் தொட்டி, இந்த மாதிரி. படை வருகிறது என்று தெரிந்தால்தான் ஊரே உள்ளே இறங்கும். பைசாந்தியர் (கிழக்கு ரோமானியப் பேரரசு) காலத்தில் அரபுப் படையெடுப்புகளின்போது அப்படித்தான் பிழைத்தார்கள். 20,000 என்பதும், இத்தனை பேர் ஒண்டலாம் என்ற மதிப்பீடுதான். யாரும் தலையை எண்ணிச் சொன்னதல்ல.

உள்ளே போனால் குனிந்து, ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். வேண்டுமென்றே அப்படிக் குடைந்திருக்கிறார்கள். வழியில் திரிகைக்கல் மாதிரி வட்டமான பெரிய கல் ஒன்று சுவரோரம் நிற்கும். உள்ளிருந்து உருட்டிவிட்டால் பாதை அடைத்துக்கொள்ளும். வெளியே இருப்பவனுக்குப் பிடித்துத் தள்ளப் பிடிமானமே இருக்காது. கல்லின் நடுவில் ஒரு துளை. எட்டிப் பார்க்கலாம், ஈட்டியும் நீட்டலாம்!

மாடு கன்றுக்கு இந்தச் சந்துகளில் இறங்க வராது. அதனால் தொழுவம் நிலத்தடித் தளங்களில் எல்லாவற்றுக்கும் மேலான தளத்திலேயே இருக்கிறது.

சரி, புகைக்கு வருவோம். வீட்டுக்கு ஓர் அடுப்பு கிடையாது. ஊருக்கே பொதுவாகச் சில சமையலறைகள்தான். பக்கத்துப் பாதாள நகரமான கைமக்லியில் பார்த்தால், தரையில் தந்தூர் குழி, மேலே கூரையில் இன்னும் கரி படிந்திருக்கிறது. புகை வெளியே போகவும் காற்று உள்ளே வரவும் செங்குத்தான துவாரங்கள். டெரின்குயுவில் ஒன்று 50 மீட்டருக்கு மேல் ஆழம், அதுவே கிணறும்கூட. எரிமலைச் சாம்பல் இறுகிய மென்மையான பாறை என்பதால்தான் இவ்வளவு குடைய முடிந்தது.

இதெல்லாம் பழங்கதை என்றும் நினைக்க வேண்டாம். 1909இல் தெற்கே அதானா நகரில் ஆர்மேனியக் கிறிஸ்தவர்கள் படுகொலை செய்யப்பட்ட செய்தி வந்ததும், டெரின்குயு இருக்கும் கப்படோக்கியா பகுதியின் அக்சோ என்ற ஊரிலிருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் பலர் நிலவறைகளுக்குள் ஓடினார்கள். சில இரவுகள் மேலே படுக்கவே துணியவில்லை. அப்போது அந்தப் பகுதியின் கிரேக்கப் பேச்சை ஆராய்ந்துகொண்டிருந்த டாக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் இதை எழுதி வைத்திருக்கிறார். கிரீஸும் துருக்கியும் 1923இல் செய்த மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தால் அங்கிருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்குப் போக வேண்டி வந்தது. அவர்களுக்கு இந்த நிலவறைகள் தெரிந்தவைதான்; டெரின்குயு 1963இல் 'கண்டுபிடிக்கப்பட்டது' என்பது அவர்கள் போன பிறகு வந்த பேச்சு.