குழந்தையின் மூச்சும் சாம்பிராணிப் புகையும்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஊர்ப் பெரியவர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட நகரத்தார் சங்கத் தலைவர் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, வெயில் பாராமல் வீடு வீடாக நடக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களே, கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, ஆச்சிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

குழந்தைகளின் மூச்சு நோயை அறிவது, வீட்டில் கவனிப்பது, தடுப்பூசி போடுவது என மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். வேகமான மூச்சு அப்படிப்பட்ட புகைதான். நுரையீரலில் நெருப்பு இருப்பதை அது சொல்கிறது. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு குழிந்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

நான் செவிலியராக இருந்த காலத்தில், முகப்பும், வளவு என்னும் உள்முற்றமும் கொண்ட ஒரு பெரிய வீட்டுக்குப் போனேன். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணின் நான்கு மாதக் குழந்தையை, அதன் பாட்டியான ஆயா குளிப்பாட்டி, இரண்டாங்கட்டு அறையின் கதவைச் சாத்தி, கரண்டி நெருப்பில் சாம்பிராணி தூவிக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கே கண் எரிந்தது. "சளிக்குத்தாம்மா மூணு நாளாப் புகை போடுறேன், இன்னும் இரைக்குது" என்றார். வளவுக்குத் தூக்கிவந்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், 64. ஆயா நம்பவில்லை. தாமே விரல் மடக்கி எண்ணத் தொடங்கியவர், ஐம்பதைத் தாண்டியபோது நொடிமுள் இன்னும் பன்னிரண்டைத் தொடவில்லை என்பதைக் கண்டு, ஒன்றும் பேசாமல் கரண்டியை எடுத்துப்போய்க் கொல்லையில் தண்ணீர் ஊற்றினார். நிமோனியா என்னும் நுரையீரல் தொற்று என்று மருத்துவமனையில் சேர்த்து, ஆக்சிஜன் வைத்து, குழந்தை பிழைத்தது.

நெருப்பில்லாமல் புகையாது, அந்த நெருப்பை நாமே ஏன் மூட்ட வேண்டும்? சாம்பிராணியானாலும், விறகடுப்பானாலும், பீடியானாலும் புகை பிஞ்சு மூச்சுக்குழாயை அரித்து வீங்கச் செய்யும். ஈரத்தலைக்கு நல்ல துண்டு போதும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 முதல், நிமோனியாவைத் தடுக்க உதவும் நிமோகாக்கல் தடுப்பூசி 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் இலவசமாகப் போடப்படுகிறது. மற்றதைச் செவிலியர்கள் சொல்வார்கள்.

தலைவர் ஐயா அவர்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளை பிறந்த வீட்டுக்குச் சீர் கொண்டுபோகும் நம் ஆச்சிமார், இந்த ஆண்டு முதல் தட்டில் சாம்பிராணிப் பொட்டலத்துக்குப் பதிலாக நொடிமுள் உள்ள ஒரு கடிகாரத்தை வைக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே அறிவித்துவிடுங்கள்.