தனிநபர் தாக்குதல்: வழக்கு எங்கே விழுகிறது?

அவையோருக்கு வணக்கம்.

வேட்பாளர்கள், தேர்தல் முகவர்கள், வழக்கறிஞர்கள் என்று மூன்று தரப்பினரும் வந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எதிராளியைக் காட்டமாக விமர்சிப்பதை நமது தேர்தல் சட்டம் தடுக்கவில்லை. "ஐந்து வருஷத்தில் ஒரு சாலை போட்டாரா? கையாலாகாதவர்" என்று மைக் கிழியப் பேசலாம். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவு பிடிப்பது வேறு. சொன்னது கருத்தாக இல்லாமல் தகவலாக இருக்க வேண்டும். அது பொய்யாக இருக்க வேண்டும். பொய் என்று தெரிந்தோ, உண்மை என்ற நம்பிக்கை இல்லாமலோ சொல்லியிருக்க வேண்டும். அது ஒரு வேட்பாளரின் சொந்த ஒழுக்கத்தையோ நடத்தையையோ தொட்டு, அவருடைய வெற்றி வாய்ப்பைக் கெடுக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சொன்னவர் வேட்பாளராகவோ, அவருடைய முகவராகவோ, வேட்பாளரோ தேர்தல் முகவரோ சம்மதித்துப் பேசவிட்ட ஆளாகவோ இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும், வெற்றியை ரத்து செய்யக் கேட்கும் தேர்தல் மனு நிற்காது. அடிக்கடி சறுக்குவது அந்தச் சம்மதத்தில்தான். மேடையில் யாரோ உளறினார் என்று கைகழுவுவது சுலபம் அல்லவா!

ஆனால் எப்போதும் தப்ப முடியாது. 1962 தேர்தலில் ராஜஸ்தானின் பியாவர் தொகுதியில், வேட்பாளர் குமாரானந்த் தலைமை வகித்த கூட்டத்தில் ஒருவர் கவிதை படித்தார். எதிர்த்துப் போட்டியிட்டவரைத் திருடர்களுக்கெல்லாம் தலைவன் என்றது அந்தக் கவிதை. எப்போது திருடினார், எதைத் திருடினார் என்று விவரமே இல்லையே, வெறும் வசைதானே என்று வாதாடிப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அது தகவல்தான், சொந்த ஒழுக்கத்தைப் பற்றியதுதான் என்று சொல்லிவிட்டது. வெற்றி பறிபோனது. அடுக்குமொழிப் பேச்சாளர்களை அழைத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்கலாம்.

இதற்கு நேர் எதிரான பாடம் கேரளத்தின் ஏறநாடு தொகுதியில் இருக்கிறது. 2011 தேர்தலில் தோற்ற பி.வி. அன்வர், தன்னை ஒரு கொலையோடு சேர்த்துப் பாட்டும் அறிவிப்பும் ஒலிபரப்பினார்கள் என்று வழக்குப் போட்டார். ஆதாரம், குறுந்தகடுகள். ஆனால் அவை ஒலிபரப்பில் ஓடிய குறுந்தகடுகள் அல்ல. வேறு கருவியில் பதிவுசெய்து, கணினியில் ஏற்றி எடுத்த பிரதிகள். மின்னணுப் பிரதிகளுக்குச் சாட்சியச் சட்டம் 65பி பிரிவு கேட்கும் சான்றிதழும் இல்லை. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றை ஏற்க மறுத்தது. ஓடிய குறுந்தகடுகளையே போலீஸ் மூலமோ தேர்தல் ஆணையம் மூலமோ கைப்பற்ற வைத்திருந்தால் நிலைமை வேறு என்றும் சொன்னது.

இன்றைக்குக் குறுந்தகட்டின் இடத்தில் பென்டிரைவும் வாட்ஸ்அப்பும். 2024 ஜூலை முதல் 65பி இருந்த இடத்தில் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவு. சான்றிதழ் இரண்டு பாகம்: ஒன்றைப் பதிவை வைத்திருப்பவர் தருகிறார், மற்றதை நிபுணர் தருகிறார். கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்புக்குக் கைரேகை போன்ற குறியீட்டையும், எழுத வேண்டும். ஆகவே பதிவு செய்த போனை அழிக்காதீர்கள், விற்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதியை மட்டும் நம்பினால் ஏறநாடு கதைதான். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் புகார் அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஏற்பாடு, நல்லதுதான். ஆனால் அதில் எடுக்கும் வீடியோ உங்கள் கேலரியில் சேமிக்கப்படாது. இன்னொரு போனில் தனியாக எடுங்கள்.

அச்சடித்த பிரசார நோட்டீஸ் என்றால் முதலில் அடிவரியைப் பாருங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியை அச்சகம் இரண்டு பிரதி வாங்க வேண்டும். அதில் ஒன்று, அச்சிட்ட தாளோடு, மாநிலத் தலைநகரில் அச்சிட்டால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் மற்ற ஊர்களில் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கும் போக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மொட்டை நோட்டீஸ் என்றால் பிரிவு மீறப்பட்டது நிச்சயம். யார் அடித்தது என்பதுதான் தெரியாது!

தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகள் வேகமானவை, ஆனால் தண்டனை சிறியது. 2021 ஏப்ரலில் ஆ. ராசாவுக்கும், 2024 மே மாதம் மேற்கு வங்கத்தில் பாஜக வேட்பாளர் அபிஜித் கங்கோபாத்யாயவுக்கும், முதலமைச்சர்கள் தொடர்பான பேச்சுக்காகப் பிரசாரத் தடை விதித்தார்கள். முன்னவருக்கு 48 மணி நேரம், பின்னவருக்கு 24. இதனால் எந்தத் தொகுதியின் முடிவும் ரத்தாகாது. அதற்கு உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

அங்கே கெடு, முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள். ஒரு நாள் தவறினாலும் மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. யார், எந்தத் தேதி, எந்த இடம் என்பதை மனுவிலேயே எழுதி, 25ஆம் படிவத்தில் பிரமாணப் பத்திரம் இணைக்க வேண்டும். நிரூபணம் கிரிமினல் வழக்கின் அளவுக்குக் கேட்பார்கள். இன்னொரு பள்ளமும் இருக்கிறது. வென்றவரோடு சேர்த்து, தோற்ற வேறொரு வேட்பாளரும் அவதூறு பரப்பினார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, அவரை எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் விட்டால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86ஆவது பிரிவின்படி மனு முழுதுமே தள்ளுபடி.