இருக்கிறாரா, இருந்தாரா?

நேயர்களுக்கு வணக்கம்.

போரில் ஒரு வீரர் இறந்துவிட்டால் வீட்டுக்குத் தகவல் வரும். காயம்பட்டாலும் வரும். இந்த இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு தகவல் உண்டு: 'காணவில்லை'. அது வந்த வீட்டில் பேச்சே மாறிவிடும். 'அவன் காப்பிக்குச் சர்க்கரை போட மாட்டான்' என்று ஆரம்பிக்கும் அம்மா, 'மாட்டான்' என்று சொல்லலாமா கூடாதா என்று நடுவிலேயே நின்றுவிடுவார். அவர் இறந்தகாலத்தில் பேசத் தயாராக இல்லை. அந்தக் காலத்துக்கு வாய்த்த பெயரும் அப்படி.

உண்மையில், ராணுவப் பதிவேட்டில் 'காணவில்லை' என்பதற்கு ஒரே பொருள்தான். பெயரைக் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. ஆள் எதிரியிடம் பிடிபட்டிருக்கலாம். நினைவில்லாமல் ஏதோ ஒரு மருத்துவமனையில் கிடக்கலாம். யாரென்று தெரியாமலே புதைக்கப்பட்டிருக்கலாம். எது என்று பதிவேட்டுக்குத் தெரியாது. வீடோ, பிடிபட்டிருப்பான் என்பதையே இறுகப் பிடித்துக்கொள்ளும்.

முதல் உலகப் போரின்போது, ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் மகன் ஜானுக்குக் கண்பார்வை சரியில்லை என்று படையில் சேர்க்க மறுத்தார்கள். அப்பாதான் செல்வாக்கைப் பயன்படுத்தி இடம் வாங்கிக் கொடுத்தார். 1915 செப்டம்பரில், பிரான்சில் நடந்த லூஸ் சண்டையில் ஜான் காணாமல் போனான். வயது 18. உலகம் முழுக்கத் தெரிந்த அந்த மனிதர், மகனோடு இருந்த சிப்பாய்களைத் தேடித்தேடி விசாரித்தார். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. பேரும் புகழும் எந்தக் கதவையும் திறந்துவிடும் என்பார்கள். இந்தக் கதவைத் திறக்கவில்லை.

அதே ஆண்டு கெய்ரோவில் வேரா டீக்கின் என்ற 23 வயதுப் பெண் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஒரு விசாரணை அலுவலகத்தைத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமருடைய மகள் அவர். தன்னார்வலர்கள் காணாமல்போனவர்களின் பெயர்ப் பட்டியலோடு மருத்துவமனைகளில் கட்டில் கட்டிலாகப் போவார்கள். 'இவரைத் தெரியுமா?' என்பது முதல் கேள்வி. 'தெரியும்' என்ற பதில் வந்தால்தான் உண்மையான வேலையே ஆரம்பம். நீங்களே பார்த்தீர்களா, யாராவது சொல்லிக் கேட்டீர்களா? ஆள் உயரமா, குட்டையா? கூட்டாளிகள் என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்? ஒரே பெயரில் வேறொருவர் இருந்திருப்பார்; குண்டுமழையில் யார் விழுந்தார் என்று யாருக்குத் தெளிவாகத் தெரியும்? அந்த அலுவலகம் அப்படிச் சேர்த்துவைத்த கோப்புகள் சுமார் 32,000. தவறான நம்பிக்கை கொடுப்பதைவிடத் தாமதமாகச் சொல்வது மேல் என்பது என் கருத்து. காத்திருக்கும் வீட்டார் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதுவும் நியாயம்தான்.

ஜெனீவாவில் வேலை வேறு மாதிரி. 1914 ஆகஸ்டில் செஞ்சிலுவைச் சங்கம் அங்கே போர்க் கைதிகளுக்கான முகமை ஒன்றைத் தொடங்கியது. ஓர் அருங்காட்சியகக் கட்டடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். 'என் மகன் எங்கே?' என்று வீட்டிலிருந்து வரும் கடிதத்துக்கு ஓர் அட்டை. முகாமிலிருந்து வரும் கைதிகள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை. இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்குவார்கள். இரண்டு அட்டைகள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தால், ஒரு குடும்பத்துக்கு விடை கிடைத்துவிட்டது. போர் முடிவதற்குள் 70 லட்சம் அட்டைகள் அளவுக்குச் சேர்ந்தன. பெயரை ஓர் எழுத்து மாற்றி எழுதியிருந்தால், அட்டைகள் இரண்டும் ஒரே அறையில் இருந்தும் சந்திக்காமலே போகும்.

அந்த அனுபவமெல்லாம் பிறகு சட்டமாயிற்று. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி, முகாமுக்கு வந்து சேர்ந்த ஒரு வாரத்துக்குள் கைதி தன் வீட்டுக்கும் போர்க் கைதிகளுக்கான மத்திய முகமைக்கும் அட்டை எழுத அனுமதிக்க வேண்டும். 1977இல் வந்த கூடுதல் நெறிமுறை இன்னும் ஒருபடி மேலே போய், உறவினருக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்வது குடும்பத்தின் உரிமை என்றது. சரி, சட்டம் இருக்கிறது. பட்டியலைக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் நாடுகளும் இருக்கின்றன. 'உங்கள் மகனைப் பார்த்தேன், பணம் அனுப்புங்கள்' என்று கூப்பிடும் ஏமாற்றுக்காரர்களும்தான். அவர்களைப் பற்றிப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

இப்போது அட்டைக்குத் துணையாக மரபணு வந்திருக்கிறது. தாய், தந்தை, உடன்பிறந்தவர்களின் எச்சிலையோ ரத்தத்தையோ எடுத்து வைத்துக்கொண்டு, கிடைக்கும் எலும்போடு ஒப்பிடுகிறார்கள். மாதிரியைக் கொடு என்றால், 'அவன் செத்துவிட்டான் என்று நானே கையெழுத்துப் போடுவதா?' என்று மறுக்கும் அம்மாக்கள் உண்டு. அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் அந்த அம்மாவுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது. அவர் இருக்கும்போது எடுத்துவைத்தால், அவர் காலத்துக்குப் பிறகும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கிப்ளிங் 1936இல் இறந்தார். மகனுடைய கல்லறை எது என்று அதுவரை தெரியவில்லை. 1992இல், பெயர் தெரியாத ஓர் அதிகாரியின் கல்லறையில் ஜானின் பெயரைப் பொறித்தார்கள். அது அவன்தானா என்று அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

நன்றி, வணக்கம்.