வேலி முதல்ல நகருது, கடிதம் பிறகு வருது

வணக்கம். காணியைப் பற்றிக் கதைக்க வாங்கோ எண்டு நிலையத்தார் கேட்டவுடன எனக்கு ஞாபகம் வந்தது யாழ்ப்பாணத்தில வலிகாமத்துப் பக்கம் ஒரு ஒழுங்கையில நான் பாத்த சிவப்புப் பெயின்ற் கோடுதான். ஒரு ஆச்சியின்ர கிணத்துக்கட்டில, வேலியில இல்லை, கட்டிலயே கீறிக் கிடந்தது, பக்கத்தில ஒரு நம்பரும். ரோட்டு அகலிக்க வந்த கொந்திராத்துக்காரரின்ர பெடியள் ரேப் பிடிச்சு அளந்துபோட்டுக் கீறிவிட்டுப் போட்டினம். எதில இருந்து தம்பி அளந்தனியள் எண்டு கேட்டால், ரோட்டின்ர நடுவில இருந்து ஐயா எண்டினம்.

நான் முப்பது வருசத்துக்கு மேல காணி அளந்த ஆள், அந்தச் சொல்லைக் கேக்க எனக்கு நெஞ்சு பதறினது. ஏனெண்டால் இண்டைக்குத் தார் கிடக்கிற நடு, அந்த நாளைய ஒழுங்கையின்ர நடு இல்லை. எதிர்ப்பக்கம் கல்மதில், ஆச்சி பக்கம் பூவரசும் கிளுவையும் நட்ட கதியால் வேலி. வாகனம் வரேக்க மதில் பக்கம் ஒதுங்கேலாது, வேலிப் பக்கம்தான் ஒதுங்கும், அப்பிடி வருசக்கணக்கா ஒதுங்கி ஒதுங்கி ரோட்டே ஆச்சியின்ர பக்கம் சரிஞ்சிட்டுது. பிறகு அந்த நடுவைப் பிடிச்சு ரண்டு பக்கமும் ஒரே அளவு எடுத்தால் பாக்க நியாயம் மாதிரி இருக்கும், ஆனால் மதில்காரருக்கு ஒண்டும் போகாது, போறது முழுக்க வேலிக்காரருக்குத்தான். அதோட 1995 யுத்த இடப்பெயர்வில விட்டுட்டு ஓடின காணியள் எத்தினை, திரும்பி வரேக்க வேலியும் இல்லை எல்லைக்கல்லும் இல்லை, கண்மட்டத்துக்குக் கதியால் போட்டவைதான் கனபேர்.

சரி, உறுதியைப் பாப்பம் எண்டால் எங்கட பழைய உறுதியளில என்ன இருக்கு, "கிழக்கு ஒழுங்கை" எண்டு இருக்கும், அவ்வளவுதான். ஒழுங்கை எத்தினை அடி எண்டு இராது. பரப்பு, குழி எண்ட எங்கட காணி அளவில எழுதி "ஏறக்குறைய" எண்டு ஒரு சொல்லும் போட்டிருக்கும். நில அளவைப் படம் இணைச்சிருந்தால்தான் ரோட்டின்ர அகலம் தெரியும். உங்கட உறுதியோட படம் இல்லாட்டி எதிர்வீட்டு உறுதியில இருக்கலாம், காணிப் பதிவகத்தில தேடலாம், நில அளவைத் திணைக்களத்தில பழைய படங்கள் கிடக்கு. மூண்டடிதானே, விட்டுக் குடுங்கோ எண்டு சொல்லுறவைக்கு நான் ஒரு கணக்குச் சொல்லுறன். முகப்பு 100 அடி எண்டால் மூண்டடி போனால் 300 சதுர அடி, ஒரு குழி 151 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட, ஆகக் கிட்டத்தட்ட ரண்டு குழி போட்டுது. ரண்டு பரப்பு மட்டும் வைச்சிருக்கிற சனத்துக்கு 36 குழியில ரண்டு குழி எண்டது சின்ன விசயமே?

ஆச்சியின்ர விசயத்துக்கு வாறன். எதிர்வீட்டு உறுதியில ஒரு படம் இருந்தது, அதில ஒழுங்கை 12 அடி, மூலையில ஒரு கல்லும் காட்டியிருந்தது. கல்லைத் தேடினால் காணேல்லை. ரோட்டை ஒவ்வொரு தரமும் கிறவலும் கல்லும் கொட்டி உயத்தினபடியால் கீழ போயிருக்கும் எண்டு நினைச்சு அலவாங்கால குத்திக் குத்திப் பாத்தம், ஒண்டரை அடி ஆழத்தில டங் எண்டுது. மண்ணை வழிச்சுப் பாக்க பழைய எல்லைக்கல், தலையில கீறின கோடு அப்பிடியே இருந்தது. அதில இருந்து நூல் கட்டினால் கிணத்துக்கட்டுக்கு ரண்டடி வெளியால போகுது நூல். படத்தையும் வைச்சுப் பிரதேச செயலாளருக்கு எழுத்தில குடுத்த பிறகு வந்து திரும்ப அளந்து கோட்டை மாத்தினவை.

இனிச் சட்டத்தைக் கொஞ்சம் கேளுங்கோ. அரசாங்கம் ஒருத்தற்ற காணியை எடுக்கிறதெண்டால் காணி சுவீகரிப்புச் சட்டம் இருக்கு, 1950 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கம். 2 ஆம் பிரிவு அறிவித்தல் காணியில ஒட்டினால் பயப்பிட வேண்டாம், அது பாக்கவும் அளக்கவும் உள்ள வாறதுக்குத்தான். 4 ஆம் பிரிவு வந்தால்தான் எடுக்கிற எண்ணம் இருக்கெண்டு அர்த்தம், உங்கட ஆட்சேபனையை அதில போட்டிருக்கிற திகதிக்குள்ள எழுத்தில குடுக்கோணும். 7 ஆம் பிரிவு வந்தால் நட்டஈட்டுக் கோரிக்கை, 9 இல விசாரணை, 17 இல தீர்ப்பு. தொகை காணாதெண்டால் 21 நாளுக்குள்ள மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு. அவசரம் எண்டால் 38 ஆம் பிரிவில நட்டஈடு முடிய முதலே காணியைப் பொறுப்பெடுக்க இடமிருக்கு, ஆனால் அதுக்கும் அமைச்சரின்ர கட்டளை வேணும், பெக்கோ கொண்டுவாறவரின்ர வாய்ச்சொல் காணாது.

ஒரு உண்மையையும் சொல்லத்தான் வேணும். சில இடத்தில நாங்கள்தான் ரோட்டுக் காணிக்குள்ள வேலி போட்டிருக்கிறம். பத்து வருசமா நாங்கள்தான் ஆண்டு அனுபவிச்சு வாறம் எண்டு தனியாற்ற காணியில வழக்காடலாம், அரசாங்கத்தின்ர காணியில அது எடுபடாது. அதே மாதிரி கட்டிட எல்லை எண்டு சொன்னால் காணி போட்டுதெண்டு அழுறவையும் இருக்கினம், அந்த எல்லைக்குள்ள நீங்கள் கட்டிடம் கட்டேலாது, காணி உங்கடதான்.

பெரிய வீதியள், ஏ வகுப்பும் பீ வகுப்பும், வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சீ வகுப்பும் டீ வகுப்பும் மாகாணத்துக்கு, எங்கட ஒழுங்கையள் கனக்கப் பிரதேச சபைக்கு. ஒழுங்கைக்குச் சுவீகரிப்பு எண்டு வாறது குறைவு, விரும்பிக் குடுக்கிறம் எண்டு ஒரு கடிதத்தில கையெழுத்து வாங்குவினம். ஊருக்கு ரோட்டு வேணும், அம்புலன்ஸ் வர வழி வேணும், குடுக்கிறது நல்ல காரியம், நானும் என்ர காணியில குடுத்தனான். ஆனால் எத்தினை அடி, எந்தக் கல்லில இருந்து எந்தக் கல் மட்டும் எண்டு எழுதாத கடிதத்தில கையெழுத்து வைக்காதேங்கோ, படம் ஒண்டு கீறி இணைக்கச் சொல்லுங்கோ, கொப்பி ஒண்டை உறுதியோட வையுங்கோ. இல்லாட்டி நாளைக்கு மகளுக்குச் சீதன உறுதி எழுதேக்க உறுதியில ஒரு அளவு, நிலத்தில இன்னொரு அளவு, நொத்தாரிசு எழுத மாட்டன் எண்டு நிப்பார்.

வெளிநாட்டில இருக்கிற உறவுகளுக்கும் ஒண்டு. பூட்டின வீட்டுப் படலையில ஒட்டின அறிவித்தல் ஒரு மழையோட கரைஞ்சு போகும், அதில போட்ட திகதி மட்டும் உங்களுக்காக நிக்காது. உங்களுக்காகக் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் குடுத்த ஆளில்லாட்டிப் பக்கத்து வீட்டுக்காரருக்கெண்டாலும் சொல்லி வையுங்கோ, கடதாசி ஒட்டினால் போனில படம் எடுத்து அண்டைக்கே அனுப்பச் சொல்லி. வேலியையும் மூலைக்கல்லையும் இப்பவே ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, தார் போட்ட பிறகு அந்தக் கல்லைத் தேட அலவாங்குதான் வேணும்.

வணக்கம்.