ஒன்றுமில்லாத இடத்தைப் பத்து நாள் பார்த்தபோது

வணக்கம் நண்பர்களே. ஒரு கேலக்ஸி, அதாவது கோடிக்கணக்கான விண்மீன்களின் கூட்டம், பிறந்து வளர்ந்து முதுமை அடைவதை இதுவரை எந்த மனிதரும் பார்த்ததில்லை, இனியும் பார்க்கப் போவதில்லை, ஏனென்றால் அதற்குப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும். அப்படியிருக்க, கேலக்ஸிகள் எப்படி வளர்ந்தன என்று எந்தத் தைரியத்தில் பேசுகிறோம்?

1995 டிசம்பருக்குப் போவோம். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் பணிகளை நடத்தும் நிறுவனத்துக்கு அப்போது ராபர்ட் வில்லியம்ஸ் இயக்குநர். இயக்குநருக்கென்று தொலைநோக்கியில் கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். அதைக் கொண்டு, சப்தரிஷி மண்டலத்துப் பக்கம் ஒன்றுமே இல்லாததுபோல் தெரிந்த ஒரு துண்டு வானத்தை, முழு நிலவின் அகலத்தில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்குதான் இருக்கும், பத்து நாள் விடாமல் படம் எடுக்கச் சொன்னார். வேண்டாம், பெரிதாக ஒன்றும் தெரியாது என்று எச்சரித்த வல்லுநர்களும் உண்டு. ஹபிளின் கண்ணாடிக் கோளாறைச் சரிசெய்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. துணிச்சலான முடிவு என்றுதான் நான் சொல்வேன். 342 படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தபோது, அந்தத் துண்டில் ஏறத்தாழ 3,000 கேலக்ஸிகள் இருந்தன.

சரி, எண்ணிக்கையை விடுங்கள். தொலைவிலிருந்து ஒளி வர நேரம் ஆகும் என்பதால், அந்த ஒரே படத்தில் பல காலங்கள் கலந்து கிடக்கின்றன. பெரிய கூட்டத்தை ஒரே ஒரு தடவை படம் எடுத்தால் அதில் கைக்குழந்தையும் இருக்கும், இளைஞரும் முதியவரும் இருப்பார்கள். யாரும் வளர்வதைப் பார்க்காமலே மனிதர் எப்படி வளர்கிறார் என்று கோத்துவிடலாம் இல்லையா, அதே வழிதான் இங்கும். ஆனால் யார் எந்தக் காலத்தவர் என்று பிரிக்க வேண்டுமே! அதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. அந்த வானத்துண்டை நான்கு நிற வடிகட்டிகள் வழியாக எடுத்தார்கள். ஹைட்ரஜன் வாயு ஓர் எல்லைக்கு மேற்பட்ட ஆற்றலுள்ள புற ஊதா ஒளியை விழுங்கிவிடும். அண்டம் விரிவதால் ஒளியின் அலை நீளும்போது அந்த எல்லையும் சிவப்பை நோக்கி நகரும். ஆகவே ஒரு கேலக்ஸி ஒரு வடிகட்டியில் பளிச்சென்று தெரிந்து, அதைவிட நீலமான வடிகட்டியில் காணாமல் போனால், எங்கே காணாமல் போகிறது என்பதை வைத்தே அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மதிப்பிடலாம்.

இப்படி வரிசைப்படுத்தியபோதுதான் தெரிந்தது: விண்மீன்கள் மும்முரமாகப் பிறந்தது ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இப்போது அந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். பழைய கேலக்ஸிகள் சிறியவையாக, கட்டி கட்டியாக, ஒழுங்கற்ற வடிவத்தில் இருந்தன. 2003-04இல் சுமார் பத்து லட்சம் விநாடி ஒளி சேர்த்து ஹபிள் இதேபோல் எடுத்த இன்னொரு படத்தில் ஏறத்தாழ 10,000 கேலக்ஸிகள் தெரிந்தன.

அப்புறம் 2021 டிசம்பரில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கிளம்பியது. 6.5 மீட்டர் கண்ணாடி, அகச்சிவப்புப் பார்வை. என்னை மிகவும் அசைத்தது இதுதான்: ஹபிளில் சிதறலாகத் தெரிந்த பழைய கேலக்ஸிகளில் கணிசமானவை வெப்பில் ஒழுங்கான தட்டுகளாகத் தெரிந்தன. ஹபிளுக்கு எட்டியது அவற்றின் புற ஊதா ஒளி, அதாவது புதிதாய்ப் பிறந்த விண்மீன்களின் திட்டுகள்தான். வயதான விண்மீன்கள் அமைதியாகப் பரவியிருந்த உடல் அகச்சிவப்பில் ஒளிந்திருந்தது. படத்தைப் பார்க்கும்போது எந்த ஒளியில் எடுத்தது என்று முதலில் கேளுங்கள், தயவுசெய்து.

2024இல் வெப் ஒரு கேலக்ஸியின் தொலைவை உறுதிசெய்தது. ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்று பெயர். அண்டத்துக்கு ஏறக்குறைய 30 கோடி வயது இருக்கும்போது புறப்பட்ட ஒளி, வழியில் பதினைந்து மடங்கு நீண்டு நம்மிடம் வந்திருக்கிறது. எதிர்பார்த்ததைவிட மிகப் பிரகாசம். அடுத்த ஆண்டே, சிலி நாட்டு அல்மா வானொலித் தொலைநோக்கிகள் அதில் ஆக்ஸிஜனைக் கண்டன. ஆக்ஸிஜன் விண்மீனுக்குள் சமைவது. அப்படியென்றால், அதற்கும் முன்பே அங்கே விண்மீன்கள் பிறந்து எரிந்து வெடித்து முடிந்திருக்க வேண்டும், அந்த முதல் தலைமுறையைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.