மடிக்கணினிக்கு விசா வேண்டாமாம்

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். எனக்கு முன்னே பேசியவர்கள் வணக்கம் சொல்லவே ஆளுக்கு மூன்று நிமிடம் எடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம். ஆகவே வணக்கம் முடிந்தது.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்தே இணையவழியில் சுயமாக உழைக்கும் குடும்பம் பிறநாட்டுக்குக் குடிபெயர்வது விவேகமா, வீண் அலைச்சலா? விவேகம் என்பது எங்கள் கட்சி. சீட்டுக் குலுக்கித்தான் கட்சி பிரித்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் பதினொரு மாதமாக இதே பட்டிமன்றம்தான் ஓடுகிறது. நான் இணையத்தளம் வடிவமைக்கிறவன், மனைவி மொழிபெயர்ப்பாளர். இருவருக்கும் முதலாளி இல்லை, மாதச் சம்பளம் இல்லை, லீவும் இல்லை. அந்தப் பட்டிமன்றத்துக்கு நடுவர் மனைவிதான். மணியும் அவர் கையில்தான்.

எதிரணித் தலைவர் மாஸ்ரர் எனக்குக் கணிதம் படிப்பித்தவர். அந்த மரியாதையோடு தொடங்குகிறேன், எப்படி முடியும் என்று சொல்ல முடியாது. அவர் என்ன சொன்னார்? "மடிக்கணினிக்கு விசா வேண்டாம், மடையனுக்குத்தான் விசா வேண்டும்" என்றார். "டொலர் வீடு தேடி வருது, தலைக்கு மேலே வேப்பமர நிழல், இதை விட்டிட்டு எங்கை ஓடுறியள்?" என்றும் கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். பின்வரிசையில் ஒருவர் விசிலும் அடித்தார். அவர் என் மைத்துனர், அவரை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்.

மாஸ்ரர், அந்த வேப்பமரத்தடிக்கு ஒருநாள் மாலை ஆறரைக்கு வாருங்கள். நியூயோர்க்கில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். அவருக்குக் காலை ஒன்பது மணி என்றால் எனக்கு மாலை ஆறரை. ஸூமில் அவர் முகம் தெரிகிறது, நான் சேட்டுப் போட்டு, கீழே சாரத்தோடு இருக்கிறேன். சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் ஒழுங்கைக்குள் பாண்கார ஓட்டோ வரும். அது என்ன இசையோடு வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பேத்தோவன் 1810இல் எழுதிய பியானோ மெட்டு. பாவம், இலங்கையில் அதற்குப் பாண் விற்கும் வேலை கிடைத்திருக்கிறது.

அந்த மனிதர் காதைக் கூர்மையாக்கினார். "அருமை! வீட்டில் யார் பியானோ வாசிப்பது?" என்றார். பாண்காரர் என்று சொல்ல எனக்கு வெட்கம். "மகள்" என்றேன். "என்ன வயது?" "ஏழு." ஆள் மெய்மறந்துபோனார்.

அடுத்த கிழமையும் அதே நேரம், அதே மெட்டு. "உங்கள் மகள் நேரம் தவறாமல் பயிற்சி செய்கிறாள். ஒழுக்கமான குடும்பம்" என்றார். அந்த ஒழுக்கத்துக்காக மணித்தியாலக் கூலியை ஒரு டொலர் கூட்டியும் தந்தார். மூன்றாம் கிழமை சற்று யோசித்துவிட்டுக் கேட்டார், "பியானோ அங்கும் இங்குமாக அசைகிறதா? தூரத்தில் தொடங்கி, கிட்ட வந்து, பிறகு மறுபக்கமாகப் போகிறதே?" வீடு பெரிது என்று சொல்லித் தப்பினேன். நான்காம் கிழமைதான் மாட்டிக்கொண்டேன். "பிள்ளை ஒரே பாட்டைத்தானே வாசிக்கிறாள். மாஸ்டரை மாற்றிப் பாருங்கள்" என்றார். நான் பதில் சொல்ல வாய் திறக்க, வாசலில் நின்று என் அம்மா, "தம்பி, றாத்தல் பாண் ஒண்டு வாங்கவோ, ரண்டு வாங்கவோ?" என்று கத்துகிறார். "அது யார்?" என்று அவர் கேட்டார். "இசை ஆசிரியை" என்றேன்.

சிரியுங்கள், சிரியுங்கள். அந்த மகளுக்குப் பியானோவைக் கண்ணால் கண்ட பழக்கமே இல்லை. ஆனால் கணக்குக்கு வாருங்கள் மாஸ்ரர், நீங்கள் படிப்பித்த கணக்குத்தான். நியூயோர்க்கில் மாலை ஐந்து மணிக்கு அவர் வேலையை முடித்து எழும்பும்போது இங்கே விடியப்புறம் இரண்டரை. அவர்களுக்குப் பனிக்காலம் வந்தால் மூன்றரை. பிறகு நான் படுத்து, கோயில் ஸ்பீக்கர் நாலரைக்கு எழுப்ப, மறுபடி படுத்து, பத்து மணிக்கு எழும்புகிறேன். பள்ளிக்கூடத்தில் மகளிடம் "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டிருக்கிறார்கள். "எங்கடை அப்பா நித்திரை கொள்ளுவார்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, சரி போட்டிருந்தார்கள். லிஸ்பனில் இருந்தால் அதே ஒன்பது மணி எனக்குப் பிற்பகல் இரண்டு மணி. அவர் எழும்பும்போது எனக்கு இரவு பத்து மணி, பெட்டியை மூடிவிட்டுப் படுக்கலாம். உங்கள் நிழலைப் பற்றிச் சொன்னீர்கள், மாஸ்ரர். இரவில் வேலை செய்கிறவனுக்கு வேப்பமரம் நிழல் தராது. நுளம்புதான் தரும்.

ஆம், நாங்கள் பார்த்திருப்பது போர்த்துக்கல். "பறங்கியின் ஊருக்கோ?" என்று எதிரணியில் ஓர் அக்கா முணுமுணுத்தது கேட்டது. அக்கா, அவர்கள் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வந்தபோது ஒரு படிவமும் நிரப்பவில்லை, ஒரு வங்கிக் கூற்றும் காட்டவில்லை. நான் முறையாக விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, பொலிஸ் அறிக்கை எடுத்துப் போகிறேன். கோட்டையும் கட்டப்போவதில்லை, இரண்டு அறை ஃப்ளாட் போதும். அவர்கள் இங்கே விட்டுப்போன மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து என்ற சொற்கள் இன்னும் எங்கள் பேச்சில்தான் கிடக்கின்றன. அந்தப் பாண்கார ஓட்டோவில் வரும் பாணே அவர்களுடைய சொல்தான். போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன்.

விசா என்பது மடையனுக்கு என்றார் அல்லவா? மடையனால் அதை எடுக்க முடியாது, அதுதான் என் வாதம். 2022 ஒக்டோபர் முடிவில் அந்த நாடு எங்களைப்போல் தூரத்திலிருந்து உழைப்பவர்களுக்கு ஒரு விசாவைத் திறந்தது. மாத வருமானம் அவர்களுடைய குறைந்தபட்சச் சம்பளத்தின் நான்கு மடங்கு வேண்டும். 2025இல் அந்தச் சம்பளம் 870 யூரோ. நாலால் பெருக்குங்கள் மாஸ்ரர். 3,480. கையில் சேமிப்பும் காட்ட வேண்டும், மனைவிக்கு அதில் பாதி கூட, பிள்ளை ஒன்றுக்கு 30 வீதம் கூட. போகுமுன்னரே அங்கே தங்க இடம் இருப்பதற்கு ஆதாரமும் வேண்டும். ஸ்பெயினையும் பார்த்தோம், ஜேர்மனியையும் பார்த்தோம். ஜேர்மனியில் 45 வயது தாண்டிய பல நாட்டுச் சுயதொழிலாளிகளிடம் முதுமைக்கு என்ன சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். இங்கே அதை என் மாமனாரைத் தவிர வேறு யாரும் கேட்டதில்லை. கனடாவின் சுயதொழிலாளர் திட்டமோ கலைஞருக்கும் விளையாட்டு வீரருக்கும் மட்டும்தான் இருந்தது, அதையும் 2024 ஏப்ரல் 30இல் நிறுத்தி வைத்தார்கள். எங்கள் சனத்தில் பாதிக்கு அது இன்னும் தெரியாது, ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பா கூப்பிட்டால் போதும் என்று இருக்கிறார்கள்.

இதெல்லாம் மனைவியின் நீலக் கொப்பியில் இருக்கிறது. இடைக்கிடை எங்களை நாங்களே நிரூபிக்க வேண்டி வந்ததே, அந்தக் கூத்தையும் சொல்ல வேண்டும். வதிவிடக் கடிதத்துக்குப் போன இடத்தில் தொழில் என்ன என்று கேட்டார்கள். ஃபிரீலான்ஸ் என்றேன். "ஃபிரீயோ? சும்மாவோ தம்பி வேலை செய்யிறியள்?" சும்மா இல்லை ஐயா, சுயதொழில் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடிச் சொல்லும். கோழியோ, தையலோ?" மனைவி பக்கத்தில் நின்றார். "அவர் கோழி, நான் தையல்" என்று எழுதச் சொல்லிவிட்டார். நல்லவேளை, கடைசியில் திருத்தி எழுதினார்கள். ஒரு வங்கியில் சம்பளச் சீட்டு இல்லாமல் கடிதம் இல்லை என்றார்கள். ஆறு மாதம் ஒப்பந்தம், பற்றுச்சீட்டு, வரிக்கோப்பு எல்லாவற்றையும் அடுக்கினோம். 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டில் இருந்து வரும் இந்த உழைப்புக்கு இங்கே 15 வீதம் வரை வரி உண்டு. ஆண்டில் 183 நாள் எங்கே இருக்கிறோம் என்பதைப் பொறுத்து வரி எந்த நாட்டுக்கு என்பதும் மாறலாம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு போகிறவன்தான் மாஸ்ரர் சொன்ன மடையன்.

மணி அடிக்க இன்னும் இரண்டு நிமிடம். மாஸ்ரருக்கு மறுமொழி சொல்லியே என் நேரம் முடிந்துவிட்டது. மகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வருமே, மொழி என்னாகும் என்று அடுத்த பேச்சாளர் கேட்பார். கேட்கட்டும். எனக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது.

1995 ஒக்டோபர் 30, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனம் ஒரே இரவில் இடம்பெயர்ந்த நாள். இந்தச் சபையில் பாதிப்பேருக்கு நான் மேலே சொல்லத் தேவையில்லை. அன்று இரவு மழை. எனக்கு ஏழு வயது. அம்மாவுக்குச் சாமான் கட்டிக்கொண்டு வெளிக்கிட அரை மணித்தியாலம் கிடைத்தது. சான்றிதழ்ப் பெட்டி, கொஞ்ச அரிசி, பாதி நிரம்பிய மண்ணெண்ணெய்ப் போத்தல். என் சப்பாத்தில் ஒரு காலை மட்டும் பைக்குள் போட்டிருந்தார். நாவற்குழியில் சனத்துக்குள் நின்றபோதுதான் அது தெரிந்தது. மற்றக் கால் எங்கே என்று நான் அழுதேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முந்தானை முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் வீட்டுத் திறப்பு இருந்தது. கதவை நன்றாகப் பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

அடுத்த வருடம் திரும்பி வந்தோம். சுவர் நின்றது. கூரை இல்லை, யன்னல் இல்லை, கதவும் இல்லை, கதவு நின்ற நிலையும் இல்லை. அந்தத் திறப்பு இன்னும் அம்மாவிடம் இருக்கிறது.

இப்போது அம்மா இரண்டு ஒழுங்கை தள்ளி அக்காவோடு இருக்கப்போகிறார், எங்களோடு வரமாட்டார். எவ்வளவோ கேட்டுப் பார்த்தோம். ஆனால் பின்னேரம் வந்து அந்த நீலக் கொப்பியை எடுத்துப் பார்ப்பார். எந்தப் பெட்டிக்குள் என்ன, பிள்ளையின் ஊசி அட்டை எங்கே, எந்தத் திகதியில் எந்தக் கடிதம் என்று ஒரு பக்கம் விடாமல் வாசிப்பார். "கொப்பி எழுதிப்போட்டு ஆக்கள் வீட்டை விட்டுப் போறதை நான் இப்பதான் காணுறன்" என்றார் ஒருநாள். போன கிழமை மகளின் சப்பாத்தைப் பெட்டிக்குள் வைக்கும்போது கிட்ட வந்து இருந்தார். இரண்டு காலும் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், "போற அண்டைக்குக் கதவை ஆறுதலாப் பூட்டு. திறப்பை என்னட்டைத் தா. இந்த முறை கதவு நிக்கும்."

வணக்கம்.